பரணுக்குப் போகாத கருவி

கேள்வி:

வணக்கம் மேடம். திருச்சியில் மூன்றாவது மாடி அப்பார்ட்மெண்டில் இருக்கிறோம். எனக்கு வயது 47. ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை. காலை 5 மணிக்கு எழுந்தால் எட்டேகாலுக்குப் பள்ளி வேன். வீடு திரும்ப 6 ஆகிவிடும். கணவருக்கு 54 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை, பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறார். மாமியாருக்கு 74, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பெங்களூரில் இருக்கும் மகன் தீபாவளி ஆஃபரில் 38,000 ரூபாய்க்கு ஒரு டிரெட்மில் பார்த்து வைத்திருக்கிறான். அப்பா, பாட்டி, நான் மூவருமே பயன்படுத்தலாம் என்கிறான். கணவருக்கோ, வயிற்றில் கட்டிக்கொண்டால் தொப்பை குறையும் என்று விளம்பரத்தில் காட்டுகிற பெல்ட் மேல் ஆசை. பரணில் ஏற்கெனவே ஒரு டம்மி ட்விஸ்டர், அதான் மேலே நின்று இடுப்பை முறுக்கும் தட்டு, கிடக்கிறது. தெருவில் நடக்கலாம் என்றால் விடியும் முன் இருட்டு, நாய்த் தொல்லை வேறு. எனக்கும் ஒரு வருடமாக இடுப்பு வலி. உட்கார்ந்து எழுந்தால் பிடிக்கும், நடக்க நடக்கச் சரியாகிவிடும். அது கிடக்கட்டும், டிரெட்மில் வாங்கலாமா?

— வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் "அது கிடக்கட்டும்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். இருபது வருடமாகப் பிசியோதெரபி பார்க்கிறேன். கணவரையோ மாமியாரையோ கூட்டிக்கொண்டு வந்து, எல்லாம் முடிந்து கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு "எனக்கும் கொஞ்சம் இடுப்பு..." என்று ஆரம்பித்து, "சரி, அப்புறம் வர்றேன்" என்று போகிற பெண்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். அந்த அப்புறம் வருவதேயில்லை. அதனால் உங்கள் இடுப்பைக் கிடக்கவிடப் போவதில்லை. டிரெட்மில்லை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

இந்தத் தீபாவளிக்கு டிரெட்மில் வாங்க வேண்டாம். ஆறு வாரம் பொறுங்கள். ஆஃபர் பொங்கலுக்கும் வரும். டிரெட்மில் கெட்ட கருவி என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டு மூன்று பேரையும் தனித்தனியாக நினைத்துப் பார்த்ததில் எனக்கு இப்படித் தோன்றுகிறது.

முதலில் உங்கள் அத்தை. 74 வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம். தரையில் நடக்கும்போது காலை எப்போது எடுப்பது, எப்போது வைப்பது என்பது அவர் கையில் இருக்கிறது. டிரெட்மில்லில் அது மோட்டார் கையில் போய்விடும். காலடியில் ஓடும் பெல்ட் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு விநாடி தயங்கினால் உடம்பு முன்னால், கால் பின்னால். இளம் வயதில் சமாளித்துவிடலாம். இந்த வயதில் தடுமாறினால் அடுத்த கால் சட்டென்று முன்னால் வராது. இடுப்பு எலும்பு முறிந்து என்னிடம் வரும் பெரியவர்களைப் பார்த்த பிறகு, வீட்டில் பக்கத்தில் யாரும் இல்லாத பகல் நேரத்தில் ஒரு 74 வயதுக்காரரை டிரெட்மில்லில் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். அவருக்கு வேறு வழி இருக்கிறது, சொல்கிறேன்.

அடுத்து உங்கள் கணவர். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நடக்கும்போது செருப்பு கழன்று போய், அது தெரியாமலே நாலு அடி நடந்திருக்கிறாரா? பாதத்தில் எரிச்சல், பஞ்சு மேல் நடப்பது போன்ற உணர்வு, மதமதப்பு ஏதாவது உண்டா? பத்து வருடச் சர்க்கரைக்குப் பிறகு இதைக் கேட்டே ஆக வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் டிரெட்மில்லில் நடந்தால், ஷூவுக்குள் ஒரு மடிப்பு உரசிப் புண்ணாவதுகூட ராத்திரி சாக்ஸைக் கழற்றும்போதுதான் தெரியும். வெறுங்காலோடு ஏறுவது இன்னும் மோசம். சர்க்கரை டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். ஐந்து நிமிட வேலை அது. டிரெட்மில்லோ தெருவோ, அதற்கு முன் நடக்க வேண்டியது இது.

இன்னொன்றும் உண்டு. பிரஷர் மாத்திரைகளில் அட்டெனலால், மெட்டோபிரலால் போன்றவை நாடித் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். டிரெட்மில் திரையில் "உங்கள் வயதுக்கு இத்தனை துடிப்பு வர வேண்டும்" என்று காட்டும். அது வரவில்லையே என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஆபத்து. அந்த எண்ணை விட்டுவிடச் சொல்லுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவு மூச்சு வாங்கினால் போதும். அவர் கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரானால் பயிற்சியின்போது சர்க்கரை இறங்கிப் போக வாய்ப்புண்டு. சட்டைப் பையில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ இருக்கட்டும்.

மூன்றாவதாக நீங்கள். உண்மையில் இந்த வீட்டில் டிரெட்மில்லுக்கு நியாயமான காரணம் வைத்திருப்பவர் நீங்கள் மட்டும்தான். இருட்டு, நாய், தனியாகப் போகும் பெண்ணின் பயம் எல்லாம் நிஜம். "மனசு இருந்தா நடக்கலாம்" என்று எளிதாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் விடியற்காலை 5 மணிக்குத் தெருவில் தனியாக நடந்து பார்த்த பெண்களாக இருப்பதில்லை. டிரெட்மில் இந்தத் தடையைத் தீர்க்கும். ஆனால் உங்கள் கடிதத்தில் இன்னொரு தடையும் இருக்கிறது. 5 மணிக்கு எழுந்து எட்டேகால் வேனைப் பிடிப்பதற்குள் மூன்று பேருக்குக் காபி, டிபன், மதியச் சாப்பாடு, அத்தைக்கு வெந்நீர் எல்லாம் முடிய வேண்டும். இதில் அரைமணி எங்கே இருக்கிறது? கருவி வந்தால் நேரமும் கூடவே வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பாதி வீடுகளில் டிரெட்மில் வாங்குகிறார்கள். நாலாவது மாதத்தில் அதன் கைப்பிடியில் ஈரத் துண்டு காய்கிறது. மனைவி சோம்பேறி என்று வீட்டில் பேச்சு வருகிறது. 38,000 ரூபாய் போனதோடு ஒரு குற்றவுணர்ச்சியும் வந்து சேர்கிறது. அதை நான் உங்களுக்கு வாங்கித் தர மாட்டேன்.

ஆறு வாரக் கணக்கு அதற்குத்தான். எந்த நேரத்தில் டிரெட்மில்லில் ஏறுவதாக நினைத்தீர்களோ, அதே நேரத்தில் அது வரப்போகும் அறையில் 20 நிமிடம் நில்லுங்கள். கீழே சொல்லும் பயிற்சிகளைச் செய்யுங்கள், இல்லையென்றால் மொட்டை மாடியில் நடங்கள். நாள்காட்டியில் அன்றைக்கு ஒரு கோடு. ஆறு வாரத்தில் வாரத்துக்கு நாலு கோடாவது விழுந்தால் டிரெட்மில் உங்கள் வீட்டில் பிழைக்கும். விழவில்லை என்றால் நேரத்தை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சுக்கு எந்தக் கடையிலும் மாற்று கிடையாது.

சரி, கோடுகள் விழுந்து பொங்கலுக்கு வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டேப்பை எடுத்து அறையை அளங்கள். கருவியே ஏறக்குறைய 6 அடி நீளம். அதன் பின்னால் இரண்டு மீட்டர், அதாவது ஆறரை அடி காலியாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் அதிகம் வேண்டும். ஆக நீளத்துக்கு மட்டும் பன்னிரண்டரை அடி. நம் அப்பார்ட்மெண்ட் படுக்கையறைகளில் கட்டில், பீரோ போக அது எங்கே இருக்கிறது? இடம் பற்றாமல் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிடுகிறார்கள். விழுகிறவர் வழுக்கி வெளியே போக வழியில்லாமல் சுவருக்கும் ஓடும் பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார். முழங்கையிலும் தாடையிலும் தோல் உரிந்து வந்த ஒருவருக்கு நானே சிகிச்சை கொடுத்திருக்கிறேன்.

குழந்தைகள் வந்து போகிற வீடானால் இன்னும் கவனம் வேண்டும். 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனத்தின் ட்ரெட் பிளஸ் என்ற டிரெட்மில் சுமார் 1,25,000 திரும்பப் பெறப்பட்டது. ஒரு குழந்தை அதன் அடியில் இழுக்கப்பட்டு இறந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட விபத்துகள் பதிவாகியிருந்தன. மாதிரிக்கு மாதிரி அமைப்பு மாறும். ஆனால் பின்பக்க உருளை எல்லா டிரெட்மில்லிலும் உண்டு, குழந்தையின் விரல் அதைத் தேடிப் போகும். உருவினால் பெல்ட்டை நிறுத்திவிடும் பாதுகாப்புச் சாவி ஒன்று இருக்கும்; வேலை முடிந்ததும் அதை உருவி பீரோவில் வையுங்கள், பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். நடக்கும்போது அந்தச் சாவியின் கிளிப் சட்டையில் மாட்டியிருக்க வேண்டும். கைப்பிடியில் சும்மா தொங்கவிட்டால் அது இருந்தும் பயனில்லை.

கடையில் "3 எச்.பி., 4 எச்.பி. மோட்டார்" என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அது பெரும்பாலும் "பீக்", ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சம். "கன்டினியூவஸ் எச்.பி. எவ்வளவு?" என்று கேளுங்கள். தொடர்ந்து ஓடும்போது கிடைப்பது அதுதான். எத்தனை கிலோ வரை தாங்கும் என்பதில் உங்கள் வீட்டின் கனமான ஆளுக்கு மேல் ஒரு 20 கிலோ இடைவெளி இருக்கட்டும். வீட்டிலிருந்து நடைக்கு எடுத்துக்கொண்டு போகும் ஷூவையே போட்டுக்கொண்டு கடையில் 15 நிமிடம் நடந்து பாருங்கள். கடைக்காரர் இரண்டு நிமிடத்தில் இறக்கிவிடப் பார்ப்பார், இறங்காதீர்கள். பெல்ட்டுக்கு அடியில் சிலிக்கான் எண்ணெய் யார் போடுவது, பழுதானால் திருச்சியிலேயே ஆள் இருக்கிறாரா, சென்னையிலிருந்து வர வேண்டுமா என்பதை பில் போடும் முன் கேளுங்கள். நான் பார்த்தவரை டிரெட்மில் பரணுக்கோ பால்கனிக்கோ போவது பாதி சோம்பலால், மீதி இந்தச் சர்வீஸ் சிக்கலால். கரண்ட் பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். தினம் அரைமணி நடந்தால் இரண்டு மாத பில்லில் சுமார் 20 யூனிட் கூடும், அவ்வளவுதான். கீழ் வீட்டுக்காரர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். விடிகாலையில் அவர்கள் தலைக்கு மேல்தான் நடக்கப் போகிறீர்கள்.

இப்போது அந்தத் தொப்பை பெல்ட். உங்கள் கணவரின் ஆசை எனக்குப் புரிகிறது, அதற்கு எங்கள் தொழிலும் ஒரு காரணம். முகவாதம் வந்தவர்களுக்கும் மூட்டு அறுவைக்குப் பின் தொடைத் தசை வேலை செய்யாதவர்களுக்கும் நாங்கள் மின்தூண்டல் கொடுப்போம். ஊரில் அதைத்தான் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். தூங்கிப்போன தசையை எழுப்ப அது உதவும். அதைப் பார்த்தவர்கள், அதே கரண்டைத் தொப்பையில் வைத்தால் கொழுப்பு போகும் என்று நம்புவதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கரண்ட் தசையைச் சுருக்கும், மேலே இருக்கும் கொழுப்பை ஒன்றும் செய்யாது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2002-லேயே இத்தகைய மூன்று பெல்ட்டுகளின் விளம்பரங்கள் மீது, பொய்யான வாக்குறுதி என்று வழக்குப் போட்டது. இருபது வருடம் கழித்தும் அதே பொருள் வேறு பெயரில் நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதைத் தொடவே கூடாது.

பெல்ட்டை விடுங்கள், வயிற்றுப் பயிற்சியே செய்தால்? 2011-ல் வந்த ஓர் ஆய்வில் 24 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினரை மட்டும் வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் வயிற்றுப் பயிற்சிகள் செய்ய வைத்தார்கள். வயிற்றுத் தசையின் தாக்குப்பிடிக்கும் திறன் கூடியது. வயிற்றுக் கொழுப்போ இடுப்புச் சுற்றளவோ குறையவில்லை. அதற்கும் முன்னால், 1971-ல், டென்னிஸ் வீரர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார்கள். வருடக்கணக்காக மட்டை பிடித்த கையில் தசை பெருத்திருந்தது, தோலுக்கு அடியிலிருந்த கொழுப்பின் தடிமன் மட்டும் இரண்டு கையிலும் ஒன்றுதான். எந்த இடத்தை அசைக்கிறோமோ அந்த இடத்துக் கொழுப்பு கரையும் என்று உடம்பு ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. உங்கள் பரணில் கிடக்கும் டம்மி ட்விஸ்டருக்கும் இதே பதில்தான். உங்கள் இடுப்பு வலிக்கு அதன் மேல் ஏறி முறுக்கவே முறுக்காதீர்கள். பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடலாம்.

வியர்க்க வைக்கும் சானா பெல்ட்டில் குறைவது தண்ணீர். ஒரு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும். மேலே நின்றால் உடம்பை அதிரவைக்கும் தட்டு, எடை குறைக்க அந்த விலைக்குத் தகாது. மசாஜ் கன் இதமாக இருக்கும். அது பயிற்சி இல்லை, கழுத்தில் மட்டும் வைக்காதீர்கள். அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் சிலருக்கு உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் 10,000 அடி என்ற எண், 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவியின் பெயரிலிருந்து பரவியது, மருத்துவக் கணக்கிலிருந்து வந்ததல்ல. 6,000 நடந்துவிட்டு மீதி 4,000-க்காக யாரும் ராத்திரி வருந்த வேண்டாம்.

அத்தைக்கு வருகிறேன். கைப்பிடி இல்லாத, உறுதியான, சாதாரண உயரமுள்ள ஒரு நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார்கிறார் என்று எண்ணுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். அவர் வயதுப் பெண்ணுக்கு 10-க்குக் கீழே வந்தால் கால் வலு குறைவு, விழும் வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்வோம். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் கணக்கு சுழியம். அதற்காகக் கலங்க வேண்டாம், தொடங்கும் இடம் அதுதான். நாற்காலியின் மேல் ஒரு மடித்த ஜமக்காளத்தைப் போட்டு உயரத்தைக் கூட்டி, காலையில் ஐந்து, மாலையில் ஐந்து என்று எழுந்து உட்காரச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மடிப்பைக் குறையுங்கள். முழங்கால் தேய்மானத்துக்குத் தொடைத் தசையின் வலுதான் முட்டுக்கொடுப்பது. அசைந்தால் இன்னும் தேயும் என்று பயந்து உட்கார்ந்தே இருப்பவர்களின் வலிதான் வருடா வருடம் கூடுவதைப் பார்க்கிறேன்.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒற்றைக்காலில் ஐந்து விநாடி நிற்பது ஆகியவையும் அவருக்கு வேண்டும். 65-ஐத் தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கும் பயிற்சி தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. அவருக்குக் கருவி ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும் என்று மகன் அடம் பிடித்தால், சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் எக்சர்சைஸ் சைக்கிளைச் சொல்லுங்கள். முதுகுக்குச் சாய்மானம் இருக்கும், காலைத் தூக்கித் தாண்டி ஏற வேண்டாம், விழ இடமில்லை. பெடல் தூரத்தில் இருக்கும்போது முழங்கால் முழுக்க நீளாமல் லேசாக மடங்கியிருக்கும்படி இருக்கையை நகர்த்தி வையுங்கள். இருக்கை மிகக் கிட்ட இருந்தால் மூட்டின் முன்பக்கம் வலிக்கும், கருவி மேல் பழி போடுவார். இதையே உங்கள் கணவரும் மிதிக்கலாம், டி.வி. பார்த்துக்கொண்டே. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் டிரெட்மில்லை விட இதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

அத்தைக்கு வெளியே வர முடியவில்லை என்றால் உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தருவதற்கு வழி இருக்கிறது. காசு இருப்பவர்களும் கேட்கலாம், கூச்சப்படத் தேவையில்லை.

உங்கள் கணவருக்கு இன்னொரு மருந்து, கடையில் கிடைக்காதது: ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிட நடை. தசை சுருங்கும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 10 முதியவர்களை வைத்து 2013-ல் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. காலையில் ஒரே மூச்சாக 45 நிமிடம் நடந்ததை விட, மூன்று வேளையும் சாப்பிட்ட பின் 15 நிமிடம் நடந்தது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியது. 10 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் என்னிடம் வருபவர்கள் வீட்டுக் குளுக்கோமீட்டரில் பார்த்துச் சொல்வதும் இதையே. மொட்டை மாடி போதும், மழை என்றால் வீட்டுக்குள் கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே நடக்கலாம். எடை குறையவில்லையே என்று அவர் சலித்துக்கொண்டால் கணக்கைச் சொல்லுங்கள். 70 கிலோ ஆள் அரைமணி நடந்தால் சுமார் 120 கலோரி. சர்க்கரை போட்ட ஒரு காபியும் ஓர் உளுந்து வடையும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். நடையின் பலன் ரத்தச் சர்க்கரையிலும் இதயத்திலும் தெரியும், எடைமெஷினில் தாமதமாகத்தான் தெரியும்.

இப்போது உங்கள் இடுப்பு. உட்கார்ந்து எழுந்தால் பிடித்து, நடக்க நடக்கச் சரியாகிறது என்கிறீர்கள். நாளெல்லாம் நாற்காலியில் உட்காருபவர்களுக்கு வரும் வழக்கமான வலி போலத்தான் இருக்கிறது. ஆனால் காலில் மரத்துப்போதல், பாதம் தடுக்குதல், சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலை ஒதுக்கிவிட்டு டாக்டரிடம் போங்கள். உடனே, கணவரின் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல்.

அப்படி எதுவும் இல்லையென்றால், உங்கள் வீட்டுக்கு நான் மனதார வாங்கச் சொல்லும் ஒரே பொருள் உங்களுக்கானதுதான்: ரெசிஸ்டன்ஸ் பேண்ட். சில நூறு ரூபாய். தட்டையான, நீளமான ரப்பர் பட்டை. நாங்கள் அதிகம் பயன்படுத்தும் வகையில் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்ற வரிசையில் இழுவை கூடிக்கொண்டே போகும். சில கம்பெனிகளில் நிறவரிசை மாறும், கேட்டு வாங்குங்கள். சிவப்பில் ஆரம்பியுங்கள். "வீட்டு வேலையே போதாதா மேடம்?" என்று என்னிடம் எல்லாப் பெண்களும் கேட்பார்கள். வீட்டு வேலை அசைவுதான், அதற்கும் கணக்கு உண்டு. ஆனால் துடைப்பத்தின் எடை பத்து வருடமாக அதே எடை. தசைக்குச் சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால்தான் அது வலுவாகும். கூடாத சுமை களைப்பை மட்டும் தரும். உங்கள் உடம்பில் இருப்பது அந்தக் களைப்பு. மாதவிடாய் நிற்கப் போகும் இந்த வயதில் எலும்பும் தசையும் வேகமாக இளைக்கும். அதனால்தான் அத்தைக்கும் கணவருக்கும் முன்னால் நீங்கள் தொடங்க வேண்டும் என்கிறேன்.

கருவியே வேண்டாம் என்று சொல்பவள் இல்லை நான். நம் ஊர் கர்லாக்கட்டையும் கருவிதான். அதன் இனத்தைச் சேர்ந்த கட்டைகளைப் பார்த்துத்தான் ஆங்கிலேயச் சிப்பாய்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1904-லும் 1932-லும் ஒலிம்பிக்கில் அது ஒரு போட்டியாகவே இருந்தது. ஒரு மரக்கட்டை தலைமுறை தாண்டி நின்றதற்குக் காரணம், சுழற்றும் கை தேற அதற்கேற்றபடி கனமான கட்டைக்கு மாறிக்கொள்ள முடிந்ததுதான். பேண்டிலும் அந்தக் குணம் இருக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். பேண்டை ஜன்னல் கம்பியில் மாட்டுங்கள். துருவோ கூர்முனையோ இல்லாத கம்பியாக இருக்கட்டும், முகத்துக்கு நேரே வேண்டாம், அறுந்தால் கண்ணில் அடிக்கும். இரண்டு முனையையும் பிடித்து, முழங்கையை விலாவை ஒட்டிப் பின்னால் இழுங்கள், மெதுவாக விடுங்கள். பத்து முறை. பிறகு பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கி ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள். பத்து முறை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து. சுவரில் கை வைத்து நின்ற வாக்கில் தண்டால் பத்து. கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு இன்னொரு சுற்று. மொத்தம் 15 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். பத்து எளிதாகிவிட்டால் பன்னிரண்டு, பதினைந்து; பிறகு பேண்டின் நிறத்தை மாற்றுங்கள். மறுநாள் தசையில் வரும் மந்தமான வலி நல்லதுதான். காலுக்கு இறங்கும் மின்னல் மாதிரி வலி வந்தால் நிறுத்திவிடுங்கள். நம் ஊர் வெக்கைக்கு ரப்பர் ஒட்டிக்கொள்ளும். டால்கம் பவுடர் தூவி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். கீறல் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.

நடை வேறு கணக்கு. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது பெரியவர்களுக்கான குறைந்தபட்ச அளவு. பத்து நிமிடத்துக்குக் குறைவான நடையும் இப்போது கணக்கில் சேரும், ஒரே மூச்சில் அரைமணி தேட வேண்டாம். பள்ளியில் மதிய இடைவேளையில் வராந்தாவில் பத்து நிமிடம், சாயங்காலம் வேனிலிருந்து ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி வெளிச்சத்தில் பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை விடிந்த பிறகு கணவரோடு சேர்ந்து வெளியே போங்கள். 2023 நவம்பரில் தொடங்கிய நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறார்கள். முழுதும் நடக்க வேண்டாம், கூட்டமும் வெளிச்சமும் இருக்கும் ஒரு பகுதி போதும்.

அந்த 15 நிமிடம் எங்கிருந்து வரும்? இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் காலைக் காபியும் அத்தையின் வெந்நீரும் உங்கள் கணவர் பொறுப்பு. அவரிடம் நேரடியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். மருந்துச் சீட்டில் எழுதும் அளவுக்கு உறுதியாகத்தான் எழுதுகிறேன். மகனிடம் சொல்லுங்கள்: 38,000 ரூபாய் பத்திரமாக இருக்கட்டும், ஞாயிறு காலை வீடியோ காலில் வந்து உங்களோடு அந்த 15 நிமிடப் பயிற்சியை அவனும் செய்யட்டும். அவன் வயதிலும் நாளெல்லாம் நாற்காலிதானே.

இன்றைக்கு ராத்திரி அத்தையின் 30 விநாடிக் கணக்கை எடுத்து நாள்காட்டியின் பின்பக்கம் எழுதி வையுங்கள். பக்கத்திலேயே உங்கள் கணக்கையும். ஆறு வாரம் கழித்து இரண்டு எண்களையும் கோடுகளின் எண்ணிக்கையையும் எனக்கு எழுதுங்கள். அப்போது டிரெட்மில்லைப் பற்றித் திரும்பப் பேசுவோம்.